பெட்டியில் 1000, நட்டில் எவ்வளவு? மலிவு இம்பாக்ட் ரெஞ்சின் பலத்தைக் கணிப்பது எப்படி

திருநெல்வேலியில் ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் சரி, செல்போனில் தேடினாலும் சரி, பேட்டரியில் ஓடும், நட்டைக் கழற்றி மாட்டும் இம்பாக்ட் ரெஞ்ச் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு பெட்டியில் 21 வோல்ட், 320 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். பக்கத்துப் பெட்டியில் 88 வோல்ட், 1000 நியூட்டன் மீட்டர். பிரித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கடையில் கேட்டால், "லாரி நட்டே கழத்தும் அண்ணாச்சி, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பார்கள். வாங்கிப் போய், பஞ்சர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிய கார் நட்டின் மேல் வைத்தால் டகடகவென்று சத்தம் மட்டும் வருகிறது, நட்டு அசையமாட்டேன் என்கிறது.

வாடகைக் கார் ஓட்டுபவர், டிராக்டர் வைத்திருப்பவர், கூப்பிட்ட இடத்துக்கே வந்து பஞ்சர் ஒட்டுபவர், டூவீலர் மெக்கானிக் என்று இதை வாங்குவோர் பலவகை. எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: இது என் வேலைக்குத் தாங்குமா? பெட்டியில் உள்ள பெரிய எண் அதற்குப் பதில் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் சுத்தியல் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது, பேட்டரி அந்த வேகத்தை எத்தனை நட்டு வரைக்கும் கொடுக்கிறது என்பதுதான் பதில். இந்த இரண்டையும் வீட்டிலேயே ஓரளவு சோதித்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

ட்ரில் மெஷினில் மோட்டார், பல்சக்கரம் வழியாக முனையை நேரடியாகச் சுற்றுகிறது. இம்பாக்ட் ரெஞ்சில் இடையே இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று, மோட்டாரோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்பு உருளை. இதுதான் சுத்தியல். இன்னொன்று, சாக்கெட் மாட்டும் சதுர முனையோடு ஒரே துண்டாக இருக்கும் அடைகல். ஆன்வில் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

நட்டு லேசாகச் சுற்றும்வரை இரண்டும் சேர்ந்தே சுற்றும். நட்டு முரண்டு பிடித்ததும் அடைகல் நின்றுவிடும். மோட்டார் நிற்காது. சுத்தியல் தன் பின்னாலுள்ள ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்வாங்கி, அடைகல்லின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் காதைத் தாண்டி, ஸ்பிரிங் தள்ளிய வேகத்தில் முன்னால் பாய்ந்து அடுத்த காதில் போய் மோதும். பெரும்பாலான கருவிகளில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. நிமிடத்துக்கு 2000 முதல் 3500 அடிவரை விழும். நாம் கேட்கும் டகடக சத்தம் அதுதான்.

இளநீரின் மேல் அருவாளை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் மட்டை பிளக்காது, ஓங்கி ஒரு போடு போட்டால் பிளந்துவிடும். கை அதேதான், பலமும் அதேதான். சேர்த்து வைத்த வேகம் ஒரு நொடியில் இறங்குவதால் வரும் வித்தியாசம் அது. இம்பாக்ட் ரெஞ்ச் இதையே வட்டமாகச் செய்கிறது.

கருவி நம் மணிக்கட்டைத் திருகாமல் இருப்பதற்கும் காரணம் இதுவே. 400 நியூட்டன் மீட்டர் விசையை ஒரு கருவி விடாமல் கொடுத்தால், 20 சென்டிமீட்டர் கைப்பிடியில் அதை எதிர்த்துப் பிடிக்க நமக்கு 200 கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். யாராலும் முடியாது. ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்தை விடக் குறைவான நேரத்தில் முடிந்துவிடுவதால்தான் ஒற்றைக் கையில் பிடிக்க முடிகிறது.

நியூட்டன் மீட்டர் என்பது

திருகுவிசை, அதாவது டார்க்கின் அளவு. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 1 நியூட்டன் விசை கொடுத்தால் மறுமுனையில் கிடைக்கும் திருகல் 1 நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ எடை சுமார் 9.8 நியூட்டன். பழைய கையேடுகளில் 'கிலோகிராம்-மீட்டர்' கணக்கில் 10 என்று இருந்தால் அது ஏறக்குறைய 98 நியூட்டன் மீட்டர்.

எண் மனதில் நிற்க ஒரு கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஆள், வீல் ஸ்பேனரில் பைப் செருகி, நட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி அதன்மேல் ஏறி நின்றால் கிடைப்பது 412 நியூட்டன் மீட்டர். நாற்கரச் சாலையோரம் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. பெட்டியில் 1000 என்று போட்டிருப்பதன் பொருள், அப்படி இரண்டரை ஆள் ஏறி நிற்கும் பலம் அந்தக் கையடக்கக் கருவியில் இருக்கிறது என்பது. அதை நம்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிக்கும் முறை

1. கழற்றும் டார்க், இறுக்கும் டார்க். இரண்டும் வேறு. நல்ல நிறுவனங்கள் இரண்டையும் தனித்தனியே போடும். கழற்றும் எண் எப்போதும் பெரிதாக இருக்கும், அதனால் மலிவுப் பெட்டியில் அதை மட்டும் போடுவார்கள், எது என்றும் சொல்லமாட்டார்கள். இறுக்கிய நட்டைக் கழற்றுவதற்கு, இறுக்கியதை விடக் குறைந்த விசை போதும் (துரு பிடிக்காத வரைக்கும்). எனவே "400ஐக் கழற்றும்" என்றால் "400 வரை இறுக்கும்" என்று ஆகாது.

2. வோல்ட். இந்தக் கருவிகளில் இருப்பது லித்தியம் அயான் செல். ஒவ்வொன்றும் சராசரியாக 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுச் சார்ஜில் 21. ஆக 18, 20, 21 என்று மூன்று பெட்டியில் மூன்று எண் இருந்தாலும் பொருள் ஒன்றே. 88 வோல்ட் வேண்டுமென்றால் இருபதுக்கும் மேற்பட்ட செல்லை வரிசையாகக் கோக்க வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் பேட்டரியில் அதற்கு இடம் கிடையாது. 88, 128, 288 என்ற எண்களுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பல பெட்டிகளில் 'வி' என்பதோடு 'எஃப்' சேர்ந்து 'விஎஃப்' என்றிருக்கும். வோல்ட் என்று சொல்லவும் இல்லை, சொல்லாமல் விடவும் இல்லை. அது மாடல் பெயர்தான்.

3. நிமிடச் சுற்று, நிமிட அடி. சுற்று வேகம் அதிகமென்றால் தளர்ந்த நட்டு சீக்கிரம் வெளியே வரும். இறுகிய நட்டுக்கு ஒவ்வொரு அடியின் கனம்தான் முக்கியம். சின்னச் சுத்தியலை வேகமாக ஓட்டி 3500 அடி என்று போடுவது எளிது. சுத்தியலின் எடையை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை.

4. பிரஷ்லெஸ். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். உரசல் இல்லாததால் சூடும் தேய்மானமும் குறைவு, அதே பேட்டரியில் கூடுதல் வேலை. இது உண்மையான நன்மை. ஆனால் பிரஷ்லெஸ் என்று ஒட்டிய கருவிக்குள் பிரஷ் மோட்டார் இருப்பதும் உண்டு. காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தபடி ட்ரிகரை அழுத்தினால், பிரஷ் மோட்டாரில் நீலப் பொறி தெறிப்பது தெரியும்.

பேட்டரிதான் கருவியின் பாதி

மலிவுக் கருவிகள் தோற்கும் இடம் பெரும்பாலும் மோட்டார் இல்லை, பேட்டரி. நட்டு இறுகி நிற்கும் அந்தச் சில நொடிகளில் மோட்டார் மிக அதிகமான மின்சாரத்தை இழுக்கும். அந்த நேரத்தில் பேட்டரியின் வோல்ட் விழாமல் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு செல்லுக்கும் உள்தடை என்று ஒன்று உண்டு. மின்சாரம் வெளியே வருவதற்குச் செல்லே காட்டும் எதிர்ப்பு அது. நல்ல செல்லில் 15 மில்லி ஓம் என்றும், மட்டமான செல்லில் 50 மில்லி ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து செல் வரிசையில் 30 ஆம்பியர் இழுத்தால் நல்ல பேட்டரியில் இரண்டேகால் வோல்ட் குறையும். மட்டமானதில் ஏழரை வோல்ட். அதாவது 20 வோல்ட் இருந்த பேட்டரி, நட்டு எதிர்க்கும் நொடியில் பன்னிரண்டரைக்கு வந்துவிடும். வோல்ட் குறைந்தால் மோட்டாரின் வேகம் குறையும். அடியின் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் கால்பங்கு குறைந்தால் அடி ஏறக்குறைய பாதியாகிவிடும். வெறுமனே சுற்றும்போது சீறுகிற கருவி நட்டில் வைத்ததும் அழுவதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. இந்தப் பேட்டரிகளில் அதிகம் இருப்பது 18650 வகைச் செல்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இந்த வகையில் நல்ல செல்கூட பொதுவாக 3.5 ஆம்பியர் ஹவர் அளவைத் தாண்டாது. அதிக மின்சாரம் தரக்கூடிய செல்லாக இருந்தால் 2 முதல் 3 வரைதான். எனவே இந்த வகை ஐந்து செல் பேட்டரியில் "6 ஆம்பியர் ஹவர்" என்று போட்டிருந்தால் அது பொய். பத்து செல் இருந்தால், அதாவது இரண்டிரண்டாக இணைத்து ஐந்து வரிசை, 4 முதல் 6 வரை வரும். அதோடு மின்சாரச் சுமையும் இரண்டாகப் பிரிவதால் வோல்ட் விழுவதும் பாதியாகும். ஒரே கருவியில் ஐந்து செல் பேட்டரிக்குப் பதில் பத்து செல் பேட்டரியை மாட்டினால் நட்டு கழல்வது இதனால்தான்.

பேட்டரியைப் பிரிக்காமல் செல்லை எண்ண ஒரு தராசு போதும். ஒரு 18650 செல் சுமார் 45 முதல் 50 கிராம். ஐந்து செல் 250 கிராமுக்குள், பத்து செல் 500 கிராமுக்குள். பிளாஸ்டிக் கூடும் உள்ளே இருக்கும் போர்டும் சேர்ந்து நூறு, நூற்றைம்பது கிராம் அதிகமாகும். பேட்டரியை மட்டும் கழற்றி மளிகைக் கடைத் தராசில் வையுங்கள். 350 கிராம் அளவில் நின்றால் உள்ளே ஐந்துதான். 600 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் பத்து. எடை கூட்டுவதற்குச் சிமெண்ட்டோ மணலோ அடைக்கும் வித்தைக்காரர்களும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

இன்னொன்று, வெயில். பாளையங்கோட்டை மே மாதத்தில் 38, 40 டிகிரி தொடுகிற ஊர். கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் இதைவிட எவ்வளவோ அதிகம். லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்பதில் சூடுதான் முதல் எதிரி, அதிலும் முழுச் சார்ஜில் சூட்டில் கிடந்தால் இன்னும் வேகமாகத் தின்னும். டிக்கியில் ஸ்டெப்னி பக்கத்தில் வருஷக்கணக்கில் போட்டுவைத்துவிட்டு, அவசரத்துக்கு எடுக்கும்போது பேட்டரி செத்துப்போயிருந்தால் கருவியைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஒரே ரெஞ்ச், வேறு வேறு பலம்

அடித்துச் சுற்றும் கருவிக்கு "இதன் டார்க் இவ்வளவு" என்று ஒரே எண்ணைச் சொல்வதே பாதிப் பிழை. அடி விழும் இடம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு உச்சம் கிடைக்கும். தடித்த இரும்புத் தகட்டில் குட்டையான போல்ட்டை வைத்து அளந்தால் பெரிய எண் வரும். அதே கருவியை நீளமான போல்ட்டிலோ ரப்பர் புஷ் உள்ள இடத்திலோ வைத்தால் அடியின் ஆற்றல் வளைவதிலும் நெளிவதிலும் கரைந்துவிடும். தயாரிப்பாளர் எதில் வைத்து அளந்தார் என்பது பெட்டியில் இருக்காது. மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62841இல் இம்பாக்ட் ரெஞ்சுக்குத் தனிப் பகுதி உண்டு. ஆனால் அது பாதுகாப்பைப் பற்றியது. பலத்தை அளந்து சான்று தருவதற்கு அல்ல.

இதே காரணத்தால் நாம் இடையில் செருகும் ஒவ்வொரு பொருளும் பலத்தைத் தின்னும். எக்ஸ்டென்ஷன் ராடு ஒவ்வொரு அடிக்கும் லேசாக முறுக்கிக்கொண்டு திரும்பும், அந்த முறுக்கலில் ஒரு பங்கு போய்விடும். சதுர முனையை அரை இஞ்சிலிருந்து முக்கால் இஞ்சுக்கு மாற்றும் அடாப்டரும் அப்படியே. ஆடும் சாக்கெட் இன்னும் மோசம். கருவி போதவில்லை என்று முடிவுகட்டும் முன், நட்டுக்குச் சரியான அளவில், குட்டையான, கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டை நேரடியாக மாட்டிப் பாருங்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட் கை ஸ்பேனருக்கானது. அடி தாங்காமல் அது விரிசல் விட்டால் துண்டு கண்ணை நோக்கித்தான் பறக்கும்.

வீட்டிலோ பட்டறையிலோ சோதிக்கும் முறை

யூடியூபில் கருவியைக் காட்டுபவர் கழற்றும் நட்டு எவ்வளவு இறுக்கத்தில் இருந்தது என்று சொல்லாவிட்டால் அந்த வீடியோவுக்குச் சத்தத்தைத் தவிர வேறு மதிப்பில்லை. சோதனையின் உயிரே, இறுக்கம் தெரிந்த நட்டு.

1. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 25 கிலோ அரிசி மூட்டை போதும். கனமான மேஜையில் பொருத்திய பெஞ்ச் வைஸில் ஒரு தடித்த இரும்புத் தகட்டைப் பிடித்து, அதில் 16 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை மாட்டுங்கள். தலையில் 10.9 என்று பொறித்திருக்க வேண்டும், போல்ட்டின் வலிமைத் தரம் அது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, நட்டின் நடுவிலிருந்து சரியாக 50 சென்டிமீட்டரில் மூட்டையைத் தொங்கவிடுங்கள். பைப் தரைக்கு இணையாக, மேலும் இறங்காமல் நிற்கும் நிலையில் நட்டில் இருப்பது சுமார் 122 நியூட்டன் மீட்டர். பைப்பின் சொந்த எடை கொஞ்சம் கூடும், விட்டுவிடலாம். இரண்டு மூட்டை தொங்கினால் 245. கால் விரலுக்கு மேல் மூட்டை தொங்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. முழுச் சார்ஜில் கழற்றிப் பாருங்கள், செல்போனில் வீடியோ எடுத்து நேரத்தை அளங்கள். 122இல் உள்ள நட்டு சத்தம் தொடங்கிய ஓரிரு நொடிக்குள் கழல வேண்டும். 245இல் ஐந்து நொடிவரை எடுத்தாலும் பரவாயில்லை. ஐந்து நொடிக்கு மேல் அடித்துக்கொண்டே இருப்பதில் பலன் மிகக் குறைவு. கருவிதான் சூடாகும்.

3. பிறகு பேட்டரியை ஒரு கோடு அல்லது பாதிச் சார்ஜ் வரும்வரை வேறு வேலையில் ஓட்டிவிட்டு அதே நட்டை அதே இறுக்கத்தில் வைத்துத் திரும்பக் கழற்றுங்கள். நல்ல கருவிக்கும் மட்டமான கருவிக்கும் முழுச் சார்ஜில் தெரியாத வித்தியாசம் இங்கே பளிச்சென்று தெரியும். பாதிச் சார்ஜில் 245ஐ அசைக்க முடியவில்லை என்றால், அந்தக் கருவியின் நம்பத்தக்க பலம் அதற்கும் கீழே என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாலையோரத்தில் நம்மிடம் இருக்கப்போவது பெரும்பாலும் பாதிச் சார்ஜ்தான்.

4. தொடர் வேலை. ஒரு காரில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பதினாறு அல்லது இருபது நட்டு. அத்தனையையும் இடைவிடாமல் கழற்றி மாட்டுங்கள். முதல் நட்டுக்கும் கடைசி நட்டுக்கும் எடுத்த நேரத்தைப் பாருங்கள். பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் செல் மட்டம். முன்மூக்கு சூடாவது இயல்பு, அங்கேதான் அடி விழுகிறது.

5. இறுக்கும் சோதனைக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். ஒரு நட்டைக் கையால் திருகிவிட்டு, கருவியால் மூன்று நொடி அடியுங்கள். நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டார்க் ரெஞ்சால் கோடு சேரும்வரை திரும்ப இறுக்கினால் எவ்வளவு இறுக்கியிருந்தது என்று தெரியும். பல தடவை செய்து, எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். மலிவுக் கருவியில் இந்த விலகல் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் அது மோசமான கருவி ஆகிவிடாது. இறுக்கும் வேலையைக் கடைசிவரை அதன் கையில் விடக்கூடாது, அவ்வளவுதான்.

நெல்லைச் சீமையில் எந்த வேலைக்கு எவ்வளவு

சின்னக் கார்களின் சக்கர நட்டுக்குக் கையேட்டில் சொல்லும் இறுக்கம் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடை ஏர் கன்னால் அது இருமடங்குகூட ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மூட்டைச் சோதனையில் 245ஐப் பாதிச் சார்ஜில் கழற்றும் கருவி கார்க்காரருக்குப் போதும். பெட்டியில் 320 என்று அடக்கமாகப் போட்ட கருவியே இதைச் செய்துவிடலாம், 1000 என்று போட்டது தோற்றுவிடலாம்.

லாரி வேறு கதை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஓடும் டாரஸ் வண்டிகளின் சக்கர நட்டு 22 மில்லிமீட்டர் மரையில் வருவது. இறுக்கமே 500, 600 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். துருவும் சூடும் சேர்ந்தால் கழற்ற இன்னும் வேண்டும். பட்டறைகளில் ஒரு இஞ்ச் ஏர் கன்னும் பெரிய கம்ப்ரசரும் வைத்திருப்பது இதற்காகத்தான். அரை இஞ்ச் மலிவுக் கருவியில் முக்கால் இஞ்ச் அடாப்டர் போட்டு முயல்வது வீண் வேலை. டிராக்டர் பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயலில் இறங்கி ஏறும் வண்டிக்குச் சேறு வேறு. மாடலுக்கு மாடல் அளவு மாறுவதால் வண்டியின் கையேட்டைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணுக்கு ஒன்றரை மடங்கைக் கழற்றும் கருவி என்று தேடுங்கள். பணகுடி, முப்பந்தல் காற்றாலைகளின் போல்ட்டைப் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். அங்கே ஹைட்ராலிக் டார்க் ரெஞ்சுதான் பேசும்.

உவரி, இடிந்தகரை, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊர்களில் எல்லாக் கணக்கும் மாறும். மீன் ஏற்றும் வேன் ஒன்றின் சக்கர நட்டைக் கிட்டத்தில் பார்த்தால், நட்டுக்கும் ரிம்முக்கும் இடையில் செம்மண் நிறத்தில் துரு பொங்கி நிற்கும். நட்டு மாட்டியிருக்கும் கம்பியான ஸ்டட்டின் வெளியே நீட்டிய மரையில் உப்பும் துருவும் சேர்ந்து பள்ளமே தெரியாது. இதில் கழற்ற வேண்டியது இறுக்கத்தை மட்டுமல்ல, துருவின் பிடியையும். எடுத்தவுடன் கருவியை வைத்து அடித்தால் நட்டு பாதி வந்து, வெளி மரையில் சிக்கி, ஸ்டட்டோடு முறிந்து வரும். முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளி மரையைத் தேய்த்து, துரு இளக்கும் ஆயில் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சின்னதாக முன்னும் பின்னும் அடித்து எடுக்க வேண்டும். டீசல் ஊற்றுவது நம்ம ஊர்ப் பழக்கம், ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. இங்கே இம்பாக்ட் ரெஞ்ச் பைப் போட்டு நெம்புவதைவிட நல்லது, ஏனென்றால் சின்னச் சின்ன அதிர்வு துருவை உதிர்க்கும்.

டூவீலர் மெக்கானிக்குக்கு மேக்னெட் நட்டு, கிளட்ச் நட்டு, அச்சு நட்டு ஆகியவற்றில் இது வரப்பிரசாதம். உள்ளே எதையும் பிடித்து நிறுத்தாமலே அடியில் கழன்றுவிடும். ஆனால் 6 மில்லிமீட்டர் போல்ட் பக்கம் கொண்டுபோகக்கூடாது. அதன் இறுக்கமே 10 நியூட்டன் மீட்டர்தான், கருவியின் முதல் இரண்டு அடியிலேயே தலை தனியாக வந்துவிடும்.

இறுக்கும்போது என்ன ஆகிறது

நட்டை இறுக்கும்போது போல்ட் நூலிழை அளவு நீள்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் கொடுக்கும் டார்க்கில் பெரும்பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகப் போய்விடும், ஏதோ பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், உலர்ந்த மரையில் சுமார் 4.2 டன் இழுவிசை. அதே மரையில் ஆயில் தடவியிருந்தால் உராய்வு குறைந்து, அதே 100க்கு சுமார் 5.7 டன். 8.8 தரத்தில் உள்ள 12 மில்லிமீட்டர் போல்ட் தாங்கக்கூடியதே ஏறக்குறைய 5 டன் என்பதை நினைத்தால், "நல்லதுக்குத்தானே ஆயில் விட்டேன்" என்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியும். கழற்ற ஆயில் விட்டால், மாட்டும்முன் துடைத்து உலர்த்திவிடுங்கள்.

ஆகவே கருவியால் மாட்டும்போது முறை இப்படி: நட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று திருகி மரை ஒழுங்காகப் பிடித்ததா என்று பார்த்துவிட்டு, கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து, முதல் டக் சத்தத்தில் ட்ரிகரை விட்டுவிடுவது. ஜாக்கியை இறக்கிவிட்டு எதிரெதிர் நட்டாக டார்க் ரெஞ்சாலோ வீல் ஸ்பேனராலோ முடிப்பது. சக்கரம் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். திருநெல்வேலியில் மாட்டினால் நாகர்கோவிலில் டீ குடிக்க நிறுத்தும்போது பார்த்துவிடலாம்.

கடையில் நிற்கும்போது

பேட்டரியில் இந்தியத் தர நிறுவனமான பிஐஎஸ் குறியும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கையில் கொண்டுபோகும் கருவிகளின் லித்தியம் பேட்டரிக்கு இந்தப் பதிவு கட்டாயம். பேட்டரி வடிவம் பலரும் பயன்படுத்தும் ஸ்லைடு அமைப்பில், அதாவது மகிட்டா கம்பெனியின் பேட்டரி மாதிரி இருந்தால் நாளைக்கு நல்ல பேட்டரி தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் வழி திறந்திருக்கும். வேறெதிலும் பொருந்தாத விசித்திர வடிவம் என்றால் பேட்டரி செத்த அன்று கருவியும் செத்தது.

ட்ரிகரை மெதுவாக அழுத்தினால் மெதுவாகச் சுற்ற வேண்டும், விட்டவுடன் நிற்க வேண்டும். சதுர முனையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், புதிதிலேயே பக்கவாட்டில் தாராளமாக ஆடினால் உள்ளே புஷ் சரியில்லை. பேட்டரியைத் தராசில் வைக்கச் சொன்னால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பில் வாங்குங்கள், பேட்டரிக்கும் சேர்த்து எத்தனை மாத வாரண்டி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். பல கடைகளில் வாரண்டி கருவிக்கு மட்டும், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் கிடையாது.

வீட்டுக்கு வந்தபின் முதல் சில சார்ஜைக் கண் முன்னால் வைத்துப் போடுங்கள், இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். மலிவுப் பேட்டரிகளில் செல்களைச் சமமாக நிரப்பும் போர்டு இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில், வெயில் படாத அறையில் வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ பிளாஸ்டிக் வாடை வந்தாலோ அதைத் திரும்பச் சார்ஜில் போடாமல், வீட்டுக்கு வெளியே தனியாக வைத்துவிட்டு வேறு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்.